தம்பிக்கு ஒரு மடக்குக் கத்தி

என் தம்பிக்குப் போன மாதம் வேலை கிடைத்தது. மொட்டைமாடிகளில் சோலார் பேனல் மாட்டிக் கொடுக்கிற சின்ன கம்பெனி. பாகூர், கடலூர், பண்ருட்டி என்று ஆர்டர் வருகிற பக்கமெல்லாம் போக வேண்டும். முதல் வாரம் முடித்து வந்தவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அக்கா, இது வாங்கட்டுமா?" என்றான்.

கறுப்பாக ஒரு மடக்குக் கத்தி. கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் திறந்து 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும் ரகம். அலகுகூடக் கறுப்பு. படத்தில் அதைப் பிடித்திருந்த கைக்குக் கையுறை போட்டுவிட்டிருந்தார்கள். பின்னால் பனிமலை.

"இதை வச்சு என்னடா வெட்டப் போறே?"

"எல்லாம்தான்."

அவன் என்னிடம் வந்து கேட்டதற்குக் காரணம் உண்டு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மொத்த மருந்துக் கடையின் கிடங்கில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து தினமும் பஸ். கிடங்கில் அட்டைப்பெட்டி பிரிப்பதே பாதி வேலை என்பதால் என் பையில் எப்போதும் ஏதாவது ஒரு கத்தி கிடக்கும். இதுவரை ஐந்து மாறிவிட்டன. ஒன்று என் விரலைப் பதம் பார்த்தது, ஒன்று புயல் மழையில் திறக்க மறுத்தது, ஒன்று பஸ்ஸில் தொலைந்தது. மற்ற இரண்டும் இன்னும் இருக்கின்றன. இந்த அனுபவத்தில் வீட்டில் எனக்கு ஒரு நிபுணர் பட்டம்.

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் என்னென்ன வெட்டுறேன்னு போன்லயே எழுதி வை. அப்புறம் பேசலாம்" என்றேன். முகம் சுருங்கியது, ஆனால் எழுதினான். சனிக்கிழமை காட்டிய பட்டியல் இது: பேனல் வந்த அட்டைப்பெட்டியின் டேப், பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டை, கேபிள் டை, சிலிக்கான் ட்யூபின் மூக்கு, ஒயரின் மேல்தோல், சாப்பாட்டுப் பொட்டலத்து நூல், சட்னி கவர், ஒரு கொய்யாப்பழம். கேபிள் டை மட்டும் தினமும் வந்தது. வீரமான வேலை ஒன்றுகூட இல்லை.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் ஐந்து வகைக் கத்திகளை நாங்கள் ஒப்பிட்டோம். அதற்கு முன்னால் சட்டத்தைப் பார்த்துவிடலாம், இதில்தான் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிற விதிகள் ஆயுதப் பட்டியலில் வைத்திருப்பது, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை சேர்த்தியில்லை. இல்லாவிட்டால் இளநீர்க்காரர் என்ன செய்வார்? பேனாக்கத்தியின் அலகு நாலு அங்குலத்தைத் தாண்டுவதே அபூர்வம். ஆனாலும் அளவு சின்னது என்பது மட்டும் சமாதானமாகிவிடாது. எங்கே வைத்திருக்கிறோம், எதற்கு வைத்திருக்கிறோம் என்ற கேள்வி வரும். கோர்ட்டுக்கும் அரசியல் கூட்டத்துக்கும் போகிற நாளில் வீட்டிலேயே விட்டுவிடுவது உத்தமம். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, உள்ளே போடுகிற பெட்டியில்தான் வைக்க வேண்டும். லாஸ்பேட்டையில் ஏறினாலும் மீனம்பாக்கத்தில் ஏறினாலும் இதுதான் கதை.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே தினமும் போய்வருகிறவர்களுக்குச் சோதனைச் சாவடி பழகிய விஷயம். அங்கே தேடுவது மது பாட்டிலை. ஒருமுறை என் பையைத் திறந்த காவலர், சிவப்புப் பேனாக்கத்தியைத் தூக்கிப் பார்த்து "நகவெட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போட்டார். அந்த இடத்தில் தம்பியின் கறுப்புக் கத்தி இருந்திருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்காது. கத்தி எதற்கானது என்பதை அதன் உருவமே பாதி சொல்லிவிடுகிறது. தம்பி போவது அடுத்தவர் வீட்டு மாடிக்கு. வீட்டில் வயதான ஒரு அம்மா மட்டும் இருப்பார். அவர் எதிரில் எதை எடுத்துத் திறக்கப் போகிறோம் என்பதும் ஒப்பீட்டில் சேர வேண்டிய விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பையில் கத்தி வைத்திருப்பது தெரிந்தால் "நல்லது, பாதுகாப்புக்கு ஆச்சு" என்று சொல்லாத பெண்களே கிடையாது. பாதுகாப்புக்கு ஆகாது. பையைத் திறந்து, டிபன் பாக்ஸுக்கு அடியில் துழாவி, நகத்தால் அலகை நெம்பி எடுப்பதற்குள் இறங்க வேண்டிய ஸ்டாப்பே போய்விடும். பயந்த கையில் இருக்கிற கத்தியை எதிராளி பிடுங்குவதும் சுலபம். பெட்டி பிரிக்க வாங்குகிறோம் என்ற நினைப்போடு வாங்கினால்தான் சரியான கத்தியை வாங்குவோம்.

சரி, முதலில் அவன் ஆசைப்பட்ட கறுப்புக் கத்தி. அதைக் குறை சொல்ல மட்டும் எனக்கு மனசில்லை. அதன் பூட்டு நல்ல யோசனை. பிடிக்குள்ளே ஒரு தகடு வில் மாதிரி வளைந்து காத்திருக்கும். அலகு முழுக்கத் திறந்ததும் தகடு நகர்ந்து அலகின் அடிக்கட்டைக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். அதை விரலால் ஒதுக்கினால்தான் மூடும். ஒரு கை கேபிளைப் பிடித்திருக்கும்போது இன்னொரு கையாலேயே திறந்து வெட்டலாம் என்பது மாடியில் வேலை செய்கிறவனுக்குப் பெரிய சௌகரியம். கால்சட்டைப் பையின் விளிம்பில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப்பும் உண்டு.

சிக்கல் என்னவென்றால் என் தம்பி இடக்கைக்காரன். இந்தத் தகட்டைப் பெரும்பாலும் வலக்கைக் கட்டைவிரலுக்குத் தோதாகத்தான் வைக்கிறார்கள். இடக்கையில் பிடித்தால் ஆட்காட்டி விரலைக் கோணலாக மடக்கித் தள்ள வேண்டும், அந்த நேரத்தில் விரல் அலகின் பாதையில் நிற்கும். நண்பன் ஒருவனுடைய கத்தியை வாங்கி நாலு தடவை மூடிப் பார்த்தவன் ஐந்தாவது தடவை முயலவில்லை. அடுத்தது, மலிவான கறுப்புக் கத்திகளின் மேல் '440 ஸ்டீல்' என்று பெருமையாக அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணில் ஏ, பி, சி என்று மூன்று வகை இருக்கிறது. கடைசி வகையில்தான் கரி (கார்பன்) ஒரு சதவீதத்தை ஒட்டி வரும், கூர் நிற்கும். முதல் வகையில் அது முக்கால் சதவீதத்தைத் தாண்டாது. எழுத்து எதுவும் போடாமல் வெறும் 440 என்றால் அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அலகின் கறுப்புப் பூச்சும் அட்டைப்பெட்டி வெட்ட வெட்டக் கீறிக்கொண்டு போகும்.

இரும்பைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் துருவைப் பற்றி. உள்நாட்டில் இருப்பவர்களுக்கு இது இரண்டாம்பட்சமாக இருக்கலாம். நமக்கு அப்படியில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தும் துரு எட்டிப் பார்க்கிறது, கடல் அவ்வளவு பக்கம். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதில் கலந்த குரோமியத்தால். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக மேலே படிந்து காக்கிறது. உப்பு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவு இடங்களில் துளைக்கும். எவர்சில்வர் கத்தியில் புள்ளிப் புள்ளியாகத் துரு விழுவது அதனால்தான். அப்படிப்பட்ட ஊரில் குரோமியமே இல்லாத வெறும் கரி இரும்புக் கத்தியை வாங்கினால் அதை ஒரு ஆட்டுக்குட்டி மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த அனுபவம் உண்டு.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். தாத்தாவின் சட்டைப் பையில் மரப்பிடி போட்ட ஒரு கத்தி இருக்கும். காலையில் நீள ரொட்டியை அதனால்தான் வெட்டுவார், மாம்பழத்தை அதனால்தான் சீவுவார், கடிதத்தையும் அதனால்தான் பிரிப்பார். ஒப்பினெல். பிரான்சில் சவ்வா என்கிற மலைநாட்டில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் என்பவர் செய்ய ஆரம்பித்த கத்தி. அலகில் மகுடம் சூடிய ஒரு கை முத்திரை இருக்கும். 1897-இல் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை அளவுகளுக்கு எண் போட்டார்கள், இன்றும் அந்த எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். எட்டாம் எண்ணின் அலகு 8.5 செ.மீ., ஆறாம் எண்ணின் அலகு 7 செ.மீ.

தாத்தா தன்னிடம் இருந்த இன்னொரு எட்டாம் எண் கத்தியை எனக்குக் கொடுத்தார். நம் வீடுகளில் கத்தியைக் கையோடு கையாகக் கொடுக்கமாட்டோம், கீழே வைப்போம், எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். பிரெஞ்சுக்காரர்களுக்கு வேறொரு நம்பிக்கை: கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துவிடும், வாங்குகிறவர் ஒரு காசாவது தர வேண்டும். தாத்தா இரண்டு கணக்கையும் தீர்த்தார். கத்தியை மேசைமேல் வைத்தார், நான் பக்கத்தில் ஒரு ரூபாய் வைத்தேன், அவர் காசையும் நான் கத்தியையும் எடுத்துக்கொண்டோம்.

அது கரி இரும்பு. கூர் என்றால் அப்படி ஒரு கூர். அலகு மெல்லிசு என்பதால் கொய்யாவைப் பிளக்காது, இழைக்கும். ரொட்டியின் மேல்தோலை நசுக்காமல் அறுக்கும். ஆனால் முதல் நாள் எலுமிச்சை நறுக்கியதும் அலகு சாம்பல் நிறமானது. மறுவாரம் மாங்காய் நறுக்கியதில் நீலமும் கறுப்பும் கலந்தது. அது பரவாயில்லை, அந்தக் கறுப்பு ஓரளவு துருவைத் தடுக்கவும் செய்யும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைக்காமல் வைத்துவிட்டேன், திங்கட்கிழமை செம்மண் தடவினாற்போல் இருந்தது. தினமும் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுகிற பொறுமை இருந்தால் இதைவிட நல்ல கத்தி இல்லை. எனக்கு ஒரு வருஷம் அந்தப் பொறுமை இருந்தது.

பூட்டு விஷயத்தில் ஒப்பினெல் கெட்டிக்காரக் கத்தி. பிடியின் கழுத்தில் ஒரு வளையம், அதைத் திருகினால் அலகு மூடாது. 1955-இல் சேர்த்த ஏற்பாடு, விரோப்ளாக் என்று பேர். இடக்கை வலக்கை பேதமில்லை. ஆனால் திறக்க இரண்டு கையும் வேண்டும். மரப்பிடிக்கு நம் ஊர் ஐப்பசி கார்த்திகை ஆகவே ஆகாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது தெருவெல்லாம் தண்ணீர், வீட்டுக்குள் துணிகூடக் காயவில்லை. மெழுகுவர்த்திப் பெட்டியைப் பிரிக்கலாம் என்று கத்தியை எடுத்தால் மரம் ஊதி அலகை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும் என்று தாத்தா முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். அதற்கு பிரான்சில் 'சவ்வாக்காரன் தட்டு' என்று பேரே உண்டு. தட்டினேன், திறந்தது. ஆனால் கத்தியைத் திறக்க மேசை தேடுவது மாடியில் நிற்கிறவனுக்குச் சரிப்படாது. இப்போது என்னிடம் இருப்பது எவர்சில்வர் அலகுள்ள ஆறாம் எண். அலகில் இனாக்ஸ் என்று எழுதியிருக்கும், பிரெஞ்சில் துருப்பிடிக்காதது என்று பொருள். பிடி கழுத்தில் எண்ணெய் ஊறவிட்டு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் அதைச் சமையலறை அலமாரியை விட்டு வெளியே எடுப்பதில்லை.

இதே பிரெஞ்சு வரிசையில் லாயோல் என்று இன்னொன்று, பிடியில் தேனீ உருவம் வைத்தது, பார்க்க நகை மாதிரி இருக்கும். அது ஒரு கம்பெனியின் பேர் இல்லை, ஒரு ஊரின் பேர். பலரும் அந்தப் பேரில் செய்கிறார்கள், தரம் மலையும் மடுவும். பரிசுக்கு வாங்கலாம், வேலைக்கு வேண்டாம்.

அப்புறம் சிவப்புக் கத்தி. சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்ஸ்னர் 1884-இல் பட்டறை போட்டார், 1891-இல் அந்நாட்டு ராணுவத்துக்கு முதல் கத்திகளைக் கொடுத்தார், நாம் பார்க்கிற பலகருவிக் கத்தியை 1897-இல் பதிவு செய்தார். அவருடைய அம்மா பேர் விக்டோரியா. அதோடு மேலே சொன்ன அந்த இனாக்ஸ் சேர்ந்ததுதான் விக்டோரினாக்ஸ். அதாவது அம்மாவும் எவர்சில்வரும். இந்த விவரம் தெரிந்ததிலிருந்து எனக்கு அந்தக் கம்பெனிமேல் ஒரு தனிப் பிரியம், ஒப்பீட்டில் அது கொஞ்சம் எட்டிப் பார்த்தால் மன்னிக்கவும்.

இதில் இரண்டு அளவுகளை யோசிக்கலாம். 91 மி.மீ. அளவில் வருவதில் பெரிய அலகு, சின்ன அலகு, டப்பா திறப்பான், திருப்புளி முனை எல்லாம் இருக்கும். 58 மி.மீ. அளவுள்ள கிளாசிக் சாவிக்கொத்தில் தொங்குகிற சின்னது. எடை 21 கிராம்தான். சின்ன அலகு, குட்டிக் கத்தரிக்கோல், நக அரம், முள்வாங்கி, பல்குத்தி. பல்குத்தி எப்படியும் ஒரு மாதத்தில் தொலைந்துவிடும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கத்தரிக்கோல்தான் இதில் மகாராணி. மாத்திரை அட்டை, நூல், சட்னி கவர், சட்டைப் பித்தானில் தொங்கும் இழை என்று கத்தியால் செய்தால் சிந்தும் சிதறும் என்கிற வேலைகளை எல்லாம் அது சத்தமில்லாமல் முடிக்கும். மெல்லிய கேபிள் டையையும் வெட்டும், தடிமனானதில் திணறும். முள்வாங்கியைப் பண்ருட்டிப் பக்கம் தோப்பு துரவில் போகிறவர்கள் மெச்சுவார்கள். கருவேல முள் எடுத்தவர்களுக்குத் தெரியும்.

குறை, இந்த இரண்டு அளவிலும் அலகுக்குப் பூட்டு கிடையாது. முதுகில் ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். வெட்டும்போது அலகு திறக்கிற பக்கமே விசை போவதால் ஆபத்தில்லை. குத்தினால்தான் வம்பு. என் விரலைப் பதம் பார்த்தது இப்படித்தான். ஆனால் அது அசல் இல்லை, ஒரு நடைபாதைக் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய சிவப்பு நகல். தேங்காய்க் கண்ணைக் குத்தித் திறக்கலாம் என்று முனையால் அழுத்தினேன். தொளதொளத்த ஸ்பிரிங் கைவிட்டது, அலகு மடங்கி ஆட்காட்டி விரலில் உட்கார்ந்தது. மூன்று தையல். நகலைக் கண்டுபிடிக்க வழி: அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கத்தரிக்கோலை விளக்குக்கு நேரே மூடிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ கத்தரிக்கோலின் இரண்டு வாயும் நடுவில் சேராமல் வெளிச்சம் தெரிந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அசலாக இருந்தாலும் குத்துகிற வேலைக்குப் பூட்டில்லாத கத்தி வேண்டாம்.

கூர் தீட்டுவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலகு ரொம்பக் கடினமாக இருந்தால் கூர் நாள்பட நிற்கும், தீட்டுவதுதான் பாடு. சுவிஸ் கத்தியை வேண்டுமென்றே மிதமான கடினத்தில் வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் மழுங்கும், ஆனால் பீங்கான் கப்பைக் கவிழ்த்து அதன் அடியில் பளபளப்பு ஏறாத வளையத்தில் நாலைந்து இழுப்பு இழுத்தால் போதும், காகிதத்தை அறுக்கும். தெருவில் வருகிற சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், பேனாக்கத்தியைக் கொடுக்காதீர்கள். அவர் மேல் குற்றமில்லை. சக்கரம் சுற்றுகிற வேகத்தில் பொறி பறக்கும், இத்தனை மெல்லிய அலகு அந்தச் சூட்டில் நீலம் பாரித்துவிடும். கொல்லர் மொழியில் சொன்னால் துவைச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம், போய்விடும். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

நாலாவது, பிளேயரோடு வருகிற பலகருவி. லெதர்மேன் என்றால் எல்லோருக்கும் தெரியும். டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர், ஓட்டைக் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது பேனாக்கத்தியில் ஒரு பிளேயரும் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தாராம். 1983-இல் விற்பனைக்கு வந்தது. சோலார் வேலைக்கு இதுதான் பொருத்தம் என்று தம்பியின் மேஸ்திரியே சொல்லியிருக்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இவற்றின் கைப்பிடி பெரும்பாலும் வெறும் இரும்பு, இன்சுலேஷன் கிடையாது. வெயில் விழுந்துகொண்டிருக்கிற வரைக்கும் பேனலில் மின்சாரம் இருக்கும், கீழே மெயினை அணைத்தாலும் மேலே ஒயரில் இருக்கும். அந்த இடத்தில் இன்சுலேஷன் உறை போட்ட கட்டிங் பிளேயர்தான் பிடிக்க வேண்டும். அது ஏற்கெனவே அவன் பையில் இருக்கிறது, டப்பாரியா கம்பெனியுடையது. பிறகு கால் கிலோவைத் தொடுகிற இன்னொரு பிளேயரைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏணி ஏறுவானேன்? பைக்கில் தூரம் போகிறவர்களுக்கும் படகில் போகிறவர்களுக்கும் வாங்கிக் கொடுக்கலாம். படகுக்கு என்றால் தினமும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்கிற ஆளாக இருக்க வேண்டும், மடிப்பு மடிப்பாக உப்பு தங்கும்.

மீன் ஆய்வதற்கு மடக்குக் கத்தி கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். எந்த மடக்குக் கத்தியானாலும் கீல் இடுக்கில் செதிலும் இரத்தமும் போய் உட்கார்ந்துகொள்ளும், மூன்று நாள் பையெல்லாம் நாறும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஆய்கிற பெண்கள் அரிவாள்மனையை விட்டு நகராததற்குக் காரணம் இருக்கிறது. பலாப்பழத்துக்கும் இதே பதில். பால் ஒட்டினால் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், கீலுக்குள் போனதை எண்ணெயும் எடுக்காது.

கடைசியாக, தம்பி கத்தி என்றே நினைக்காத ஒன்று: கட்டர். ஸ்டேஷனரிக் கடையில் நூறு ரூபாய்க்குக் குறைவாகவே கிடைக்கிற, முனை முறித்துப் போடுகிற கட்டர். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜப்பானில் ஒசாகாவில் அச்சகத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா, காகிதம் வெட்டி வெட்டி பிளேடு மழுங்குவதைப் பார்த்து நொந்துபோயிருந்தார். உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பையும் கட்டங்கட்டமாக முறிக்கிற சாக்லேட்டையும் சேர்த்து யோசித்து, கோடு போட்டு முறிக்கிற அலகை 1956-இல் செய்தார். ஓல்ஃபா கம்பெனி அப்படி வந்ததுதான். ஜப்பானிய மொழியில் முறிக்கிற அலகு என்பதிலிருந்து எடுத்த பேர்.

"இதெல்லாம் ஒரு கத்தியா அக்கா?" என்று தம்பி சிரித்தான். அவனுடைய கறுப்புக் கத்தி என்னென்ன செய்யும் என்று அவனையே சொல்லச் சொன்னேன். ஒரு கையால் திறக்கும். கட்டரும் அப்படியே, கட்டைவிரலால் தள்ளினால் போதும். பூட்டிக்கொள்ளும். திருகு வைத்த கட்டரில் திருகை இறுக்கினால் அலகு பின்னால் போகாது. கூராக இருக்கும். இதில் முனையை முறித்தால் ஒவ்வொரு தடவையும் புதுக் கூர், தீட்டுகிற பாடே இல்லை. துருப்பிடித்தால்? முறித்துப் போடு. இடக்கை? பல கட்டர்களில் அலகை உருவித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பேனல் பெட்டிக்கு எதிரில் நின்று ஒருவன் கட்டரை எடுத்தால் வீட்டுக்கார அம்மா டீ போடப் போவார். கறுப்புக் கத்தியை எடுத்தால் வாசலிலேயே நிற்பார்.

கட்டரின் குறைகளையும் மறைக்கவில்லை. அலகு பக்கவாட்டு விசையைத் தாங்காது, நெம்பினால் முறிந்து தெறிக்கும், கண்ணில் படலாம். கேபிள் டையை அதனால் வெட்டாதே, டை சட்டென்று விட்டுக்கொடுக்கும்போது அலகு அடியில் இருக்கிற கேபிளில் இறங்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அதற்குக் கட்டிங் பிளேயர்தான். 9 மி.மீ. அலகு காகிதத்துக்குச் சரி, பெட்டிக்கும் பட்டைக்கும் 18 மி.மீ. வேண்டும். பிளாஸ்டிக் உடம்பு வேண்டாம், உள்ளே இரும்புக் காடி வைத்தது கொஞ்சம் விலை கூடினாலும் வாங்கலாம். புது அலகில் எண்ணெய் தடவியிருக்கும், சிலிக்கானும் பசையும் வெட்டிய அலகு வேறு. அதனால் கொய்யாப்பழத்துக்கு ஆகாது.

கொய்யாப்பழத்துக்காக ஒரு தனிக் கத்தியா என்றால், ஆமாம், அங்கேதான் சிவப்புக் கிளாசிக் வருகிறது. கொய்யாவை நாலாக வெட்ட அந்தச் சின்ன அலகு போதும், பொட்டலத்து நூலுக்கும் சட்னி கவருக்கும் கத்தரிக்கோல் இருக்கிறது. சாவியோடு கிடப்பதால் எடுத்துப்போக மறக்காது. நான் பஸ்ஸில் தொலைத்தது விலை கூடிய 91 மி.மீ. அளவு, பையில் தனியாகக் கிடந்ததால் எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. சாவிக்கொத்தில் இருக்கிற சின்னது எட்டு வருஷமாகக் கூடவே வருகிறது.

ஆக வேலைப் பையில் கட்டர், சாவியில் கிளாசிக் என்று முடிவாயிற்று. மரப்பிடி ஒப்பினெல்லைத் தம்பிக்கு வாங்க நான் சம்மதிக்கவில்லை, மழையில் நனைகிற வேலை. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்து, வீட்டில் ரொட்டியும் பழமும் நறுக்குகிற ஆள் கேட்டிருந்தால் அந்த ஆறாம் எண்ணைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். காட்டில் மலையில் கூடாரம் போடுகிறவர் கேட்டிருந்தால் பூட்டுள்ள கறுப்புக் கத்திக்கும் ஓட்டுப் போட்டிருப்பேன், எழுத்து போட்ட 440 ஆக இருந்தால்.

நேரு வீதியில் இரண்டையும் வாங்கினோம். சாவி வளையத்தில் சிவப்புக் கத்தியைக் கோர்க்கும்போதும் அவன் முகத்தில் அந்தப் பனிமலை ஏக்கம் முழுக்கப் போகவில்லை. முதல் சம்பளத்தில் கறுப்பை வாங்கினாலும் வாங்குவான். வாங்கிக்கொள்ளட்டும், இடக்கையால் நூறு தடவை திறந்து மூடிப் பழகிவிட்டு மாடிக்குக் கொண்டுபோனால் சரி.

கட்டரோடு பத்து அலகுள்ள டப்பா ஒன்றும் கொடுத்தேன். முறித்த துண்டுகளை எங்கே போடுவாய் என்று கேட்டதற்கு, "குப்பையிலதான்" என்றான். எங்கள் கிடங்கில் கூட்டுகிற அக்கா ஒருமுறை கைநிறைய அள்ளும்போது உள்ளங்கை கிழிந்ததைப் பார்த்தவள் நான். கிடங்கிலிருந்து மாத்திரை வரும் காலி பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, மூடியில் ஒரு நீள்வெட்டுப் போட்டு, டேப் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். துண்டுகள் அதற்குள் போக வேண்டும். நிறைந்ததும் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பதாகப் பேச்சு.